அடுத்த வருசத்து மான்

நவம்பர் 4, வெள்ளி

தாதி ஜோவான் இந்தக் கொப்பியைத் தந்துவிட்டுப் போனாள். என் மனுசன் எந்தக் குளிசை எத்தனை மணிக்கு எடுத்தார், என்ன சாப்பிட்டார், வலி பத்துக்கு எத்தனை என்று நாள்தோறும் எழுத வேண்டுமாம். இடப்பக்கம் அவளுக்காக ஆங்கிலத்தில் எழுதுகிறேன். வலப்பக்கம் சும்மா கிடக்கிறது. அதில் எனக்குத் தோன்றுவதைத் தமிழில் எழுதினால் அவளுக்கு என்ன தெரியப்போகிறது?

இன்றைக்கு: காலை எட்டுக்கு ஒரு குளிசை, இரண்டுக்கு ஒன்று. அரைக் கோப்பை கஞ்சி. வலி நான்கு என்றார். முகத்தைப் பார்த்தால் ஏழு.

திங்கட்கிழமை மான் வேட்டைக் காலம் தொடங்குகிறது. இரண்டு கிழமைக்குத் துவக்கால் சுடலாம். மனுசனுக்குச் சோறு இறங்கவில்லை, ஆனால் துவக்குக்கு எண்ணெய் போட மட்டும் கை எழும்புகிறது. குசினி மேசை முழுக்க எண்ணெய்த் துணி. ஏசினேன். "மேசையைத் துடைக்கலாம் மலர், மானைக் கூப்பிட ஏலாது" என்றார். ரொறன்ரோவிலிருந்து மூன்று மணித்தியாலம் வடக்கே, இந்தக் குளிர்க்காட்டுக்குள் இருபத்தாறு வருடமாக என்னை வைத்திருப்பதே இந்த மான்தான். அவர் வன்னியில் பிறந்தவர். காடில்லாத ஊரில் அவருக்கு நித்திரை வராது.

நவம்பர் 5, சனி

வால்டர் வந்தான். மர ஆலையில் இவரோடு பத்தொன்பது வருடம் வேலை செய்தவன். காடும் வயலும் அவனுடையவை. குலசிங்கம் என்ற பெயரைச் சொல்ல அவனுக்கு வாய் வராது, 'சிங்' என்றுதான் கூப்பிடுவான். இவருக்கு மரத்தில் ஏற முடியாதென்று வயல் ஓரத்தில் பலகையால் ஒரு குடில் அடித்திருக்கிறானாம். சாய்கதிரை, சிறிய சூடாக்கி, துவக்கு வைக்க யன்னல், எல்லாம் இருக்கிறதாம். இவர் அதைப் பரண் என்றுதான் சொல்கிறார். தரையில் இருக்கிற பரணை நான் இப்போதுதான் கேள்விப்படுகிறேன்.

நானும் கூடப் போக வேண்டும். வாகனம் ஓட்ட, குளிசை கொடுக்க, பிடித்து நடத்த. எனக்கும் வேட்டை அனுமதி உண்டு. ஆளுக்கு ஒரு மான்தான், சுட்டதும் அதில் கட்ட ஆளுக்கு ஒரு முத்திரைதான் என்பதால், வீட்டுக்கு இரண்டு முத்திரை வரட்டும் என்று என்னையும் பரீட்சை எழுத வைத்தார். இந்த ஊர் வேட்டைக்காரரின் பெண்சாதிமார் பாதிப்பேர் இப்படி அனுமதி எடுத்தவர்கள்தான். நான் இதுவரை சுட்டது வெறும் தகரப்பேணிகள்.

நவம்பர் 6, ஞாயிறு

இன்று கடிகாரங்களை ஒரு மணித்தியாலம் பின்னுக்கு வைத்தோம். "பாத்தியோ, சும்மா ஒரு மணித்தியாலம் கிடைச்சிருக்கு" என்று சிரித்தார். நான் சுவர் மணிக்கூட்டைக் கழற்றிக்கொண்டு குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன்.

எழுதித்தான் ஆகவேண்டும். நெஞ்சுக்குள் வைத்திருக்க முடியவில்லை.

யூன் மாதம் பெரிய டொக்டர் சொன்னது: கணையத்தில் புற்று, ஈரலுக்கும் போய்விட்டது, கிறிஸ்மஸைக் கண்டால் பெரிய விஷயம். நான் இவருக்குத் தமிழில் சொன்னது: கணையத்தில் வீக்கமாம், மருந்து எடுத்தால் சுகப்படுமாம், ஆனால் நாள் எடுக்குமாம். இவருடைய ஆங்கிலம் ஆலை ஆங்கிலம். மரம், வாள், சாப்பாடு, குளிர் என்ற அளவோடு சரி. ஆஸ்பத்திரிப் பேச்செல்லாம் நான்தான். முதியோர் இல்லக் குசினியில் வேலை செய்கிறேன், அந்தச் சொற்களெல்லாம் எனக்குப் பழக்கம். மொழிபெயர்க்க ஆள் பிடித்துத் தரட்டுமா என்று டொக்டர் கேட்டார். வேண்டாம் என்றேன். அவருக்கு விளங்கிவிட்டதா என்று கேட்டார். ஓம் என்றேன். இவர் எழும்பி டொக்டருக்குக் கை கொடுத்து 'தாங்க் யூ' சொன்னார்.

எங்கள் ஆட்களில் யார் வருத்தக்காரனின் முகத்துக்கு நேரே சொல்கிறார்கள்? என் அப்பாவுக்கும் நாங்கள் சொல்லவில்லை. ஆள் மனம் விட்டுப்போவார் என்றுதான் மறைத்தேன். அவருக்காகத்தான். இவரிடம் வாய் திறக்க வேண்டாம் என்று ஜோவானிடமும் வால்டரிடமும் சொல்லி வைத்திருக்கிறேன். தானாகச் சொல்ல மாட்டேன், ஆனால் அவர் கேட்டால் பொய் சொல்ல மாட்டேன் என்றாள் ஜோவான். அவர் இதுவரை கேட்கவில்லை.

நவம்பர் 7, திங்கள்

ஐந்து மணிக்கு எழும்பினோம். காலைக் குளிசை வேண்டாம் என்றார். அது தலையைக் கிறுகிறுக்க வைக்குமாம், துவக்குப் பிடிக்கிறவன் தெளிவாக இருக்க வேண்டுமாம். வலியைப் பல்லைக் கடித்துக்கொண்டு வைத்திருந்தார். செம்மஞ்சள் வேட்டை அங்கி தோளில் இருந்து வழிந்தது. போன வருடம் அதே அங்கிக்குப் பொத்தான் பூட்ட முடியாமல் வயிற்றை எக்கினவர்.

எட்டு இருபதுக்கு அது வந்தது. மரங்களுக்குள்ளே இருந்து வயலுக்கு இறங்கி, தலையை உயர்த்தி, எங்கள் பக்கம் பார்த்தது. இளங்கலைமான். கொம்பு ஒரு பக்கம் இரண்டு கிளை, மறுபக்கம் இரண்டு கிளை. அறுபது மீற்றர் தூரம்கூட இருக்காது. இவர் துவக்கின் குறிபார்க்கிற கண்ணாடியால் பார்த்தார். கை நடுங்கவே இல்லை. நான் காதைப் பொத்திக்கொண்டேன்.

சத்தம் வரவில்லை. துவக்கைப் பூட்டிச் சாய்த்து வைத்துவிட்டார். "சின்னப் பெடியன். போகட்டும்" என்று என் காதுக்குள் சொன்னார். "அடுத்த வருசம் வரட்டும். எப்பிடி வருவான் எண்டு பார்."

வால்டரின் காணியில் அதுதான் சட்டம். ஒரு பக்கத்தில் மூன்று கிளை இல்லாத கலைமானைச் சுடக்கூடாது. இங்கே வந்த முதல் வருடம், தெரியாமல், இவர் இப்படி ஒரு இளசைச் சுட்டுவிட்டார். வால்டர் ஏசவில்லை. பின்னேரம் வரை ஒரு சொல்லும் பேசாமல் உரிக்க உதவி செய்தான். அதற்குப் பிறகு அந்தச் சட்டத்தை வால்டரைவிட இவர்தான் இறுக்கிப் பிடிக்கிறார். இளசை விட்டுக்கொடுத்து, ஒரு வருடம் பொறுத்து, பெருத்து வரும்போது பார்ப்பதில்தான் வேட்டைக்காரனின் மரியாதை இருக்கிறதாம்.

வரும் வழியெல்லாம் அவன் நின்ற நிலையைச் சொல்லிச் சொல்லி வந்தார். இத்தனை சந்தோசமாக அவரைப் பார்த்துக் கனநாள். நான் வீதியைப் பார்த்து ஓட்டினேன். இந்த மனுசனுக்கு இது கடைசி வேட்டை. அதை அடுத்த வருசத்துக்கு விட்டுவிட்டு வருகிறார், நான் கொடுத்த பொய்யை நம்பி.

நவம்பர் 8, செவ்வாய்

வால்டருக்குப் போன் எடுத்தேன். நடந்ததைச் சொன்னேன். சிங்குக்கு இந்த வருடம் சட்டம் ஒன்றும் கிடையாது, எதையென்றாலும் சுடட்டும் என்றான். அதை நீயே வந்து சொல், ஆனால் காரணம் வேறு ஏதாவது சொல் என்றேன்.

பின்னேரம் வந்து, தேத்தண்ணீரைக் கையில் வைத்துக்கொண்டு, இந்த வருடம் மான் கூடிப்போச்சு, குருத்தெல்லாம் தின்னுது, சின்னது பெரியது பார்க்காமல் சுடு என்றான். சொல்லும்போது முகம் தக்காளிபோலச் சிவந்துவிட்டது. அவன் போனதும் இவர் விழுந்து விழுந்து சிரித்தார். வால்டருக்கு மூளை கழன்றுபோச்சு என்றார். சிரித்ததில் வலி வந்து குளிசை கொடுக்க வேண்டியதாயிற்று.

நவம்பர் 9, புதன்

நான்கு தரம் சத்தி, குடித்த கஞ்சியெல்லாம் வெளியே வந்துவிட்டது. போகவில்லை.

நவம்பர் 10, வியாழன்

போனோம். பெண்மான் ஒன்றும் குட்டியும் வந்து போயின. அந்த இளங்கலை வரவில்லை. சூடாக்கியின் வெக்கைக்கு இவர் கதிரையிலேயே நித்திரையாகிவிட்டார். அவர் மூச்சை எண்ணிக்கொண்டு நான் வயலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மான் வேட்டை இவ்வளவு பேசாமல் இருக்கிற வேலை என்று தெரிந்திருந்தால் எப்போதோ கூடவந்திருப்பேன். வீட்டில் நான் வாய் ஓயாதவள்.

எழும்பியதும் அக்காவைப் பற்றிப் பேசினார். நாகம்மா அக்கா வன்னியில், முள்ளியவளையில் இருக்கிறா, எழுபத்தாறு வயது. தாய் செத்தபிறகு இவரை வளர்த்தவ. பதினாறு வருடமாக நேரில் பார்க்கவில்லை. வருகிற வைகாசி வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கலுக்குக் கட்டாயம் போகவேண்டும், அதற்குள் உடம்பைத் தேற்றிவிடு என்று எனக்குக் கட்டளை போட்டார்.

அவர் யூலையிலேயே போக நின்றவர். அப்போது நன்றாக நடந்தார், சாப்பிட்டார். விமானம்கூடப் பார்த்து வைத்திருந்தார். முதலில் சுகப்படுங்கோ, அடுத்த வருசம் போவம் என்று தடுத்தது நான்தான். வழியில் ஏதாவது ஆகிவிடும் என்று பயந்தேன். அக்கா முகத்தைப் பார்த்தே கண்டுபிடித்துவிடுவா என்றும் பயந்தேன்.

நவம்பர் 12, சனி

இதை எழுதக் கை வருகுதில்லை. எழுதுகிறேன்.

ஏழு ஐம்பதுக்கு அதே இளங்கலை வந்தது. முன்னையதைவிடக் கிட்ட. பக்கவாட்டாக நின்று புல்லை மேய்ந்தது. இவர் துவக்கை யன்னலில் வைத்துக் கண்ணாடியால் பார்த்தார். "அதே ஆள்தான்" என்றார். பிறகு என் பக்கம் திரும்பி, சும்மா பகிடிக்கு, "என்ன செய்வம் மலர்? நீயும் முத்திரைக்காரிதானே, நீ சொல்லு" என்றார்.

"சுடுங்கோ" என்றேன்.

"மூண்டு கிளை இல்லையே."

"பரவாயில்லை. சுடுங்கோ."

"விசரே உனக்கு? வால்டர்தான் உளறுறான் எண்டால் நீயும். அடுத்த வருசம் இவன்..."

அந்த இடத்தில் நான் ஓம் என்றிருக்க வேண்டும். ஐந்து மாதமாகச் சொன்ன ஓம்தானே, இன்னும் ஒன்று. வாய் திறக்கவில்லை. கண்ணால் வழிந்துவிட்டது.

அவர் என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தார். துவக்கைப் பூட்டினார். ரவைகளை ஒவ்வொன்றாகக் கழற்றிச் சட்டைப் பைக்குள் போட்டார்.

"டொக்டர் என்ன சொன்னவர்?" என்று கேட்டார்.

சொன்னேன். டொக்டர் சொன்ன ஒவ்வொரு சொல்லையும் இந்தத் தரம் ஒழுங்காகத் தமிழில் சொன்னேன். நான் முடித்தபோது வயலில் மான் இல்லை. அது எப்போது போனதென்று இரண்டு பேருமே பார்க்கவில்லை.

எப்போது சொன்னவர் என்று கேட்டார். யூனில் என்றேன். விரல்களை மடக்கி எண்ணினார். யூலை, ஓகஸ்ற், செப்ரெம்பர், ஒக்ரோபர். நாலு விரல் மடங்கின கையைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "நான் அக்காட்டைப் போயிருப்பன்" என்றார்.



நவம்பர் 13, ஞாயிறு

கஞ்சியைக் கையால் தள்ளிவிட்டார். குளிசையை மட்டும் வாங்கினார், என் முகத்தைப் பார்க்காமல்.

நவம்பர் 14, திங்கள்

ஜோவான் வந்ததும் என்னை அறைக்கு வெளியே நிற்கச் சொன்னார். தன்னுடைய ஆலை ஆங்கிலத்தில் தானே கேட்டார். நாலு சொல்தான். எனக்கு எவ்வளவு நேரம் என்றார். அவள் கட்டில் ஓரத்தில் இருந்து மெதுவாகச் சொன்னாள். விமானத்தில் போகலாமா என்று கேட்டார். ஏலாது என்று அவள் சொன்னது எனக்குக் கதவுக்கு வெளியே கேட்டது. 'தாங்க் யூ' என்றார்.

அவள் போன பிறகு நான் உள்ளே போய்க் கால்மாட்டில் நின்றேன். ஏசட்டும், கையில் அகப்பட்டதைத் தூக்கி எறியட்டும் என்று நின்றேன். அவர் சத்தம் போடவில்லை.

"எனக்குச் சந்தேகம் வந்தது மலர். என்ரை உடம்பு எனக்குத் தெரியாமல் போகுமோ? பிறகு நினைச்சன், அப்பிடி ஏதும் எண்டால் நீ சொல்லியிருப்பாய் எண்டு. அதாலை நம்பினன்."

முப்பத்தொரு வருடக் கலியாணத்தில் இவர் என்னை ஒருமுறை அடித்திருந்தால்கூட இவ்வளவு வலித்திருக்காது. உங்களுக்காகத்தான் மறைத்தேன் என்று தொடங்கினேன். பாதியில் நின்றுவிட்டேன். அதுவும் பொய். எனக்குப் பயம். பிள்ளைகளும் இல்லாத வீட்டில், இவர் தான் சாகப்போவதைத் தெரிந்துகொண்டு என்னைப் பார்க்கிற பார்வையைத் தாங்க எனக்குத் தைரியமில்லை. இவர் சிரித்துக்கொண்டே இருந்தால் எனக்கு லேசாக இருந்தது. அதற்காக இவருடைய கடைசி நல்ல மாதங்களை நான் எடுத்துக்கொண்டேன். அதைத்தான் அவரிடம் சொன்னேன். இனிமேல் உயிர் போனாலும் உங்களுக்குப் பொய் சொல்ல மாட்டேன் என்றும் சொன்னேன்.

"கஞ்சி கிடக்கோ?" என்று கேட்டார். ஐந்து கரண்டி குடித்தார்.

நவம்பர் 15, செவ்வாய்

அக்காவோடு போனில் முகம் பார்த்துப் பேசினார். தானே சொன்னார். அக்கா ஒரு சத்தம் போட்டா, பிறகு இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். இருபது நிமிடம் இருக்கும். அங்கே பின்னால் சேவல் கூவியது. அக்கா போனை முற்றத்துக்குக் கொண்டுபோய்க் கிணறு, பலா, மாட்டுக்கொட்டில் எல்லாம் காட்டினா. போன் ஆடி ஆடி ஒன்றும் சரியாகத் தெரியவில்லை. இவர் எல்லாவற்றுக்கும் ஓம் அக்கா, தெரியுது அக்கா என்றார்.

நான் குசினி வாசலில் நின்று பார்த்தபடி வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன். கறி வைக்க இல்லை.

நவம்பர் 17, வியாழன்

எழும்ப முடியவில்லை. குளிசை விழுங்குகிறாரில்லை. ஜோவான் தோலுக்குக் கீழே ஊசி வைத்துவிட்டுப் போனாள். நாலு மணிக்கொருதரம் நான் மருந்து ஏற்ற வேண்டும். வெந்நீரால் உடம்பு துடைத்தேன். முதுகில் எலும்பு ஒவ்வொன்றும் தனித்தனியாகக் கைக்குப் பட்டது.

பின்னேரம் தெளிவாக இருந்தார். ஞாயிற்றுக்கிழமையோடு வேட்டைக் காலம் முடிகிறது என்பதை மறக்கவில்லை. "நீ போ" என்றார். "அவன் வந்தால் சுட்டுக்கொண்டு வா. சட்டத்தை வால்டர்தானே எடுத்துவிட்டான். எனக்கு விழுங்கேலாது, தெரியும். மான் இறைச்சி வேகிற மணம் ஒருக்கா வீட்டுக்கை வரட்டும்."

சரி என்றேன். அப்போது அது பொய்யில்லை.

நவம்பர் 19, சனி

வால்டர் விடிய முன்னமே வந்து இவர் பக்கத்தில் இருந்தான். நான் தனியாகப் போனேன். முதல் பனி கொட்டியிருந்தது, வயல் முழுக்க வெள்ளை. துவக்கில் ரவை போட்டேன். இவர் இருந்த கதிரையில் இருக்க மனம் வரவில்லை, பக்கத்தில் முழங்காலில் இருந்தேன்.

எட்டரைக்கு வந்தது. பனிக்குள்ளே காலைத் தூக்கித் தூக்கி வைத்து நடந்தது. நான் பூட்டைத் தள்ளினேன். கண்ணாடிக்குள் அதன் முன்னங்காலும் நெஞ்சும் முழுதாகத் தெரிந்தன. அது மூச்சு விட விட ஆவி வந்தது. நல்ல திடகாத்திரம். ஒரு வருத்தமும் இல்லாத உடம்பு. விரலை வைத்துக்கொண்டு கொம்பை எண்ணினேன். இரண்டு, இரண்டு. திரும்பவும் எண்ணினேன். எத்தனை தரம் எண்ணினேன் என்று தெரியவில்லை. இவருக்கு மணம் மட்டும்தான் வேண்டும், இது ஒன்றுதான் என்னிடம் கேட்டது, சுடடி என்று எனக்கு நானே சொன்னேன். விரல் அசையவில்லை. கொஞ்ச நேரத்தில் அது தன் பாட்டில் மரங்களுக்குள் போய்விட்டது. நான் துவக்கைப் பூட்டி, குடிலுக்குள் இருந்து குழறி அழுதேன்.

வரும் வழியில் என்ன சொல்வதென்று சொல்லிப் பார்த்தேன். அது வரவேயில்லை. ஒன்றும் காணவில்லை. பனி, அதனால் வரவில்லை. மூன்றும் நல்ல பொய்கள். எனக்குக் கைவந்த வேலை.

அறைக்குள் போனேன். வால்டர் எழும்பி வெளியே போனான். இவர் கண்ணைத் திறந்து, "வந்தவனோ?" என்றார்.

"வந்தவன். நல்ல கிட்ட நிண்டவன். நான் சுடேல்லை. எனக்குக் கை வரேல்லையப்பா" என்றேன்.

கண்ணை மூடிக்கொண்டார். கோபம் என்று நினைத்தேன். கொஞ்சம் பொறுத்து, "எத்தினை கிளை?" என்றார்.

"ரெண்டு, ரெண்டு."

"அப்ப சரி" என்றார்.

அவர் உதட்டைப் பஞ்சால் நனைத்தேன். அடுத்த மருந்துக்கு இன்னும் இருபது நிமிடம் இருந்தது. அவர் என் கையைத் தேடிப் பிடித்தார். அந்தக் கையில் சூடே இல்லை.

"அடுத்த வருசம் வால்டரோடை போ, மலர். அவன் மூண்டு கிளையோடை வருவான். நீதான் சுடவேணும்."

பொய் சொல்ல மாட்டேன் என்று சத்தியம் பண்ணியவள் நான். "போகமாட்டன். நீங்கள் இல்லாமல் அந்தக் காட்டுப் பக்கம் நான் காலெடுத்து வைக்கமாட்டன்" என்றேன்.

"தெரியும்" என்றார். மூச்சு வாங்கினார். "இதுக்கு மட்டும் ஒரு பொய் சொல்லு."

போகிறேன் என்றேன்.

எத்தனை மணிக்கு எழும்புவாய் என்று கேட்டார். ஐந்துக்கு என்றேன். எங்கே குறி வைப்பாய் என்றார். முன்னங்காலுக்குக் கொஞ்சம் பின்னால் என்றேன். அக்காவுக்குப் படம் அனுப்புவாயா என்றார். அனுப்புவேன், வற்றாப்பளைப் பொங்கலுக்கு இறைச்சியைக் காயவைத்து வத்தலும் கொண்டுபோவேன் என்றேன். வத்தலைத் தேனில் போட்டு வைக்கச் சொன்னார். ஓம், தேனில்தான் போடுவேன் என்றேன். கண்ணை மூடிக்கொண்டே, கொம்பு எப்படி இருக்கிறதென்று கேட்டார். மூன்று, மூன்று என்று சொன்னேன். அவர் கேட்டுக்கொண்டே இருந்தார், நானும் சொல்லிக்கொண்டே இருந்தேன். மருந்து நேரம் தாண்டிவிட்டதை வால்டர் வந்து கதவைத் தட்டித்தான் சொன்னான்.